மூன்றாவது ஹோட்டலின் வடக்குக் கரை

இலங்கைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "சாப்பாடு எப்படி?" என்றுதான். நன்றாகவே இருந்தது, அதையும் சொல்கிறேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது சாப்பாட்டுக்காக இல்லை. அங்கே நான் ஒரு காரியம் செய்தேன். அதற்காக ஆபீசில் எனக்குக் கைதட்டினார்கள். உண்மையில் நடந்தது என்ன என்று எங்கேயாவது ஒரு இடத்தில் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திருவொற்றியூரில் என்ஜின் ஆயிலை டப்பாவில் அடைத்து விற்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அட்மின் என்று பெயர். டீத்தூள் வாங்குவது முதல் ஆயுதபூஜைக்குப் பொரி கட்டுவது வரை எல்லாம் என் தலையில். வருடா வருடம் நன்றாக விற்ற டீலர்களைக் குடும்பத்தோடு எங்காவது அழைத்துப் போவார்கள். இந்த முறை கடற்கரை என்று எம்.டி. முடிவு செய்தார்.

"நல்ல பெரிய ஹோட்டலா இருக்கணும் ஜான்சி. கடல் நீலமா இருக்கணும். ரூமை விட்டு இறங்குனா மணல்ல கால் படணும். நம்ம ஊர் மாதிரி கல்லு கில்லு இருக்கக் கூடாது."

கல் என்று அவர் சொன்னது எங்கள் ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும். கடல் ரோட்டைத் தின்றுவிடாமல் இருக்க, கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், கால் நனைக்க இடமில்லை.

ஏஜென்ட் மூன்று ஹோட்டல்களின் படங்களை அனுப்பினார். மூன்றிலும் ஒரே நீலம். "படத்த நம்பி ஏமாறக் கூடாது, நேர்ல போய் ஒரு ராத்திரி படுத்துப் பாத்துட்டு வாங்க," என்றார் எம்.டி. ஆபீசில் பாஸ்போர்ட்டைச் சும்மா வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். குவைத் வேலைக்கென்று எடுத்தது. அந்த வேலை வரவே இல்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி சொல்ற? ஓட்டல்ல போயி படுத்து எந்திரிக்கறதுக்கு சம்பளம் குடுக்கறானா?"

"ஆமாம்மா."

"நல்லா கீதே வேல. எனக்கும் அதே மாரி ஒண்ணு பாரு."

அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, ஷேர் ஆட்டோவில் போய், ஏலத்தில் எடுத்து, மதியம் வரை உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பன்னிரண்டு வயதில் சுனாமி வந்தது. அதற்கு முன் நாங்கள் கரையிலேயே குடியிருந்தோம். அதற்குப் பிறகு தகரக் கொட்டகை, பிறகு எர்ணாவூர். கடல் தூரமாகிப் போனதும் அப்பா கட்டுமரத்தை விட்டுவிட்டு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் ஆனார்.

இது எதுவும் ஆபீசில் யாருக்கும் தெரியாது. அம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "வீட்லதான் இருக்காங்க," என்பேன்.

ஏழாவது படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எங்கேயாவது மீன் வாடை வந்தால், மற்றவர்கள் என் பக்கம் திரும்புவதற்குள் நானே முதலில் முகத்தைச் சுளித்துவிடுவேன். "ச்சே, என்ன நாத்தம்!" என்பேன். யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி அது தானாக வரும்.

கொழும்பில் இறங்கியபோது ஏஜென்ட் அனுப்பிய வேன் காத்திருந்தது. டிரைவர் பெயர் சுனில். சிங்களவர். கடை ஒன்றில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட தமிழ். எல்லாவற்றையும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். "அக்கா பசி இருக்கா? இப்ப சாப்பாடு, பிறகு தூரம்," என்றார்.

ரோட்டோரக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். தட்டகப்பையால் கல்லில் தாளம் போட்டுக் கொத்துவதைப் பார்த்ததும் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோக் கடை நினைவுக்கு வந்தது. அங்கேயும் இப்படித்தான், சத்தத்தைக் கேட்டே பாதிப் பசி ஏறும். காரம் மட்டும் நம்மை மிஞ்சிவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய நான் சாப்பிட்டதைப் பார்த்து, பக்கத்து மேசைக் கிழவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சுனில் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "இந்தியாவில் மிளகாய் இல்லையா என்று கேட்கிறார்."

மாலையில் காட்டு வழி ரோட்டில் வேன் நின்றது. முன்னால் ஏழெட்டு வண்டிகள். அதற்கும் முன்னால், ரோட்டின் நடுவில், ஒரு யானை எந்த அவசரமும் இல்லாமல் கிளை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஹாரன் அடிக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. எதிர்ப்பக்க லாரி டிரைவர் இறங்கி வந்து சுனிலோடு பேசினார். அது தின்று முடிக்கும்வரை ஜனாதிபதியே வந்தாலும் நிற்கத்தான் வேண்டும் என்று பேசிக்கொண்டார்களாம். ஒரு மணி நேரம் நின்றோம். எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் நிற்கிறேன். யானையாவது பார்க்க அழகாக இருந்தது.

மறுநாள் முதல் ஹோட்டல். நீச்சல் குளம் பெரிது, ஆனால் கடலைப் பார்க்க ஒரு தென்னந்தோப்பைக் கடந்து நடக்க வேண்டும். எங்கள் டீலர்களின் மனைவிமார் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். இரண்டாவது ஹோட்டலில் அறைகள் நன்றாக இருந்தன, மீன் குழம்பு அருமை, வேலை செய்கிறவர்கள் அன்பானவர்கள். ஆனால் கரை முழுக்கப் பாறை. எம்.டி.யின் முகம் கண்முன் வந்தது. நோட்டில் "கல்" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாவது ஹோட்டல் திருகோணமலைக்கு வடக்கே. போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ஈரத் துணியும் குளிர்ந்த செவ்விளநீரும் கொடுத்து வரவேற்றார்கள். குளியலறை எங்கள் எர்ணாவூர் வீட்டு ஹாலைவிடப் பெரிது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நாலு படி, அப்புறம் மணல், அப்புறம் கடல். அந்த நீலத்தை நான் முன்பின் பார்த்ததில்லை. கடலோரத்தில் பிறந்தவள் முதல்முறை கடலைப் பார்க்கிற மாதிரி அரைமணி நேரம் நின்றேன். இதுதான், இதை விட்டால் வேறு இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

காலையில் அப்பமும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காற்று திரும்பியது. காயும் நெத்திலியின் வாடை. நான் பிறந்து வளர்ந்த வாடை. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி அமர்ந்திருந்தது. அவர்கள் தலைகூடத் தூக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் என் மேசைக்கு வந்தார். ரமணன் என்று பெயர், கொழும்புத் தமிழர், நாற்பது வயதிருக்கும், மிக மரியாதையானவர்.

"எல்லாம் திருப்தியோ மேடம்?"

என் முகம் ஏற்கெனவே சுளித்திருந்தது.

"எல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா இந்த நாத்தம்? எங்க டீலர்ஸ் ஃபேமிலியோட வருவாங்க. சாப்பிடற இடத்துல இப்படி வந்தா எப்படி?"

அவர் வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். ஹோட்டல் வேலி முடியும் இடத்தில் நாலைந்து ஓலைக் குடிசைகள், ஆறு படகுகள், மீன் காயவைக்கக் கம்பு நட்டுக் கட்டிய பரண்கள். "அந்தச் சனத்தால எங்களுக்கும் கரைச்சல்தான் மேடம். நீங்கள் இதை எழுத்தில தந்தால் உதவியா இருக்கும். மிச்சத்தை நாங்கள் பார்ப்பம்."

அறைக்குப் போய் ரமணனுக்கு மெயில் எழுதினேன். எம்.டி.க்கும் அனுப்பினேன். ஹோட்டல் எல்லா வகையிலும் சிறப்பு என்றும், வடக்குக் கரையில் மீன் காயவைப்பதால் தாங்க முடியாத துர்நாற்றம் என்றும், அது அகற்றப்பட்டால் எங்கள் கம்பெனி இங்கேயே வரத் தயார் என்றும் எழுதினேன். ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதினேன். பதினோரு வருடம் கம்ப்ளெயின்ட் லெட்டர் எழுதிப் பழகிய கை.

மதியம் செய்ய வேலை இல்லை. கால் தானாக வடக்குப் பக்கம் நடந்தது. சுனில் எனக்கு முன்பே அங்கே இருந்தார். வீட்டுக்குக் கருவாடு கட்டி வாங்கிக்கொண்டிருந்தார். இனிமேல் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, விற்ற பெண்ணின் போன் நம்பரையும் குறித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் பெயர் மலர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். சட்டைக்கு மேல் துண்டு போட்டு, தலையில் தொப்பி வைத்திருந்தார்.

"வாங்கோ தங்கச்சி. இந்தியாவோ? இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

பால் இல்லாத தேநீரும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லமும் தந்தார். சீனிக்குப் பதில் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். நிழலில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்திலிருந்த பரணில் நெத்திலி ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. அப்படிக் கிடந்தால் அடிப்பக்கம் வேர்த்துவிடும். பேச்சுவாக்கில் கையை நீட்டி அதைப் பரத்திவிட்டேன்.

மலரக்கா என் விரல்களையே பார்த்தார். "பழகின கை மாதிரிக் கிடக்கு."

"இல்லக்கா, யூடியூப்ல பாத்தது," என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். சுனாமியில் மூத்த மகளும் வீடும் போனது, கடலை விட்டு உள்ளே கட்டிக் கொடுத்த வீட்டில் இருந்து பிழைக்க முடியாமல் பகலெல்லாம் இந்தக் கரைக்கே வந்துவிடுவது, புருஷன் முழங்கால் வலியோடு இன்னும் கடலுக்குப் போவது. "உங்கட பக்கமும் அடிச்சதுதானே? நீங்கள் சின்னப்பிள்ளையா இருந்திருப்பீங்கள்."

"நாங்க சிட்டிக்குள்ள இருந்தோம்க்கா. எங்களுக்கு ஒண்ணும் ஆகல."

அதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. கிளம்பும்போது நெத்திலி ஒரு பொட்டலம் கட்டி நீட்டினார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லி வாங்காமல் வந்தேன்.

மறுநாள் காலை டிராக்டர் சத்தத்தில் வெளியே வந்தேன். ஹோட்டல் காவலாளிகள் நாலு பேரும், வெளியாட்கள் சிலரும் பரண்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மட்டும் காய்ந்திருந்த நெத்திலியை மண்வெட்டியால் வாரி டிரெய்லரில் கொட்டினார்கள். ஓலைகள் ஒரு பக்கம், கம்புகள் ஒரு பக்கம். படகுகளைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி ஒருவன் கை காட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் பாத்திரங்களையும் கூடைகளையும் பொறுக்கினார்கள். யாரும் கத்தவில்லை. முன்பே ஒருமுறை இதையெல்லாம் பட்டு முடித்தவர்களைப் போல வேலை செய்தார்கள்.

ரமணன் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். "இப்ப எப்படி மேடம்? இனி மணமே இராது."

"எங்க ட்ரிப் இருக்கற மூணு நாளைக்கு மட்டும்தானே சார்?"

"இல்லை மேடம், ஒரேயடியா. களப்புக்கு அங்கால இடம் காட்டியிருக்கு. எத்தனையோ மாதமா முயற்சி செய்தம். ஒரு கஸ்டமரின்ர முறைப்பாடு எழுத்தில வேணும் எண்டு கவர்மென்ட் ஒபிஸில சொன்னவை. நேற்று உங்கட மெயிலைத்தான் குடுத்தம். மிச்சம் கெதியா நடந்திட்டுது."

களப்பு என்பது எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் கடலும் கழியும் சேர்வது மாதிரியான இடம். அதற்கு அந்தப் பக்கம் ரோடு கிடையாது. காய்ந்த மீனைத் தலையில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் வர வேண்டும்.

"சார், அந்த மெயிலை நான் வாபஸ் வாங்கிக்கறேன். நாத்தம் அவ்வளவு ஒண்ணும் இல்ல."

அவர் முகம் மாறவில்லை. "தாங்க முடியாத எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள் மேடம். அது பொய் எண்டு சொல்லட்டோ?"

பொய்தான், நான் மீன்காரி மகள், அந்த வாடையில்தான் சோறு தின்று வளர்ந்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடமும் என் கால்செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் யாரோ கூப்பிட்டதாக நகர்ந்துவிட்டார்.

மணலில் இறங்கிப் போனேன். மலரக்கா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரே பேசினார்.

"நீங்கள்தான் எழுதிக் குடுத்தீங்கள் எண்டு மனேஜர் சொன்னார். பரவாயில்ல தங்கச்சி. உங்களுக்குப் பழக்கம் இல்லைத்தானே. பழகாத ஆக்களுக்கு இந்த மணம் தாங்காது."

திட்டியிருக்கலாம். ஒரு கை மண்ணை அள்ளி என் மேல் வீசியிருக்கலாம். "ஆமாக்கா," என்றேன். அவர் கொடுத்த மன்னிப்பை அப்படியே வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

திரும்பும் வழியில் சுனில் மாலுப் பணிஸ் வாங்கித் தந்தார், உள்ளே மீன் வைத்த பன். பாதி தின்று வைத்துவிட்டேன். யானையும் வரவில்லை.

ஆபீசில் எம்.டி.யிடம் இரண்டாவது ஹோட்டல்தான் நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "என்ன ஜான்சி, நீங்கதானே மூணாவதுன்னு எழுதுனீங்க? ஒரே ஒரு குறை சொல்லியிருந்தீங்க, அதையும் சரி பண்ணிட்டாங்களாம். மேனேஜர் போட்டோவே அனுப்பியிருக்காரு." போனைத் திருப்பிக் காட்டினார். வடக்குக் கரை. சுத்தமான வெள்ளை மணல். "ஆமா சார்," என்றேன். இரண்டாம் முறை.

ட்ரிப்புக்கு நான் போகவில்லை. ஜுரம் என்று சொல்லிவிட்டேன். போனவர்கள் ஆபீஸ் குரூப்பில் போட்டோ போட்டுத் தள்ளினார்கள். எங்கள் செங்குன்றம் டீலர் அந்த வடக்குக் கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்து விளையாடினார்.

அடுத்த மாதம் கம்பெனியின் ஆண்டு விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். இதுவரை நான் யாரையும் அழைத்துப் போனதில்லை. இந்த முறை எனக்குப் பரிசு என்று எப்படியோ அம்மா காதுக்கு எட்டிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவி, பட்டுப்புடவை கட்டி, முதல் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

எம்.டி. மைக்கில் என் பெயரைச் சொன்னார். இவ்வளவு அருமையான இடத்தைத் தேர்ந்தெடுத்ததோடு, ஹோட்டல்காரர்களிடம் பேசி இருந்த ஒரு குறையையும் நீக்கியவர் ஜான்சி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். ஷீல்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். எம்.டி.யின் மனைவி அம்மாவிடம், "உங்க பொண்ணு எப்படிம்மா இப்படிப் பாத்துப் புடிச்சா?" என்று கேட்டார்.

அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "அவளுக்குத் தெரியாதாம்மா? அவங்கப்பா கடலுக்குப் போனவரு. நான் காசிமேட்டுல மீனு விக்கறேன். கரையிலயே பொறந்த பொண்ணு. எந்தக் கரை நல்லா கீதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்."

இப்போது யாராவது நாற்காலியைத் தள்ளிப் போடுவார்கள் என்று நின்றேன். யாரும் போடவில்லை. எம்.டி.யின் மனைவி, "அப்படியா! சொல்லவே இல்லையே ஜான்சி. ஞாயித்துக்கெழம நல்ல வஞ்சிரம் கெடைக்குமாம்மா?" என்று கேட்டு அம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டார். அக்கவுன்ட்ஸ் பிரேமா தனக்கும் எறா வேண்டும் என்றாள். இவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பயந்துதான் பதினோரு வருடம் மறைத்தேன், மலரக்காவின் பரண்களும் போயின.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டதில் ஆட்டோ எர்ணாவூருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அம்மா ஷீல்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மெயிலில் எழுதியதை, யூடியூப் என்று சொன்னதை, சிட்டிக்குள் இருந்தோம் என்றதை. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அம்மா ஷீல்டைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"மீனு இன்னா ஆச்சு?"

"தெரியல."

"ஒரு நாளு காஞ்சத வாரிக் குமிச்சா அன்னிக்கே புழு வெச்சிடும். அது தெரிஞ்சும் பாத்துகினு நின்னியா?"

நான் ஷீல்டை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"என்னியப் பாத்தா அவ்ளோ கலீஜா கீதா உனுக்கு?"

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி?" அம்மா வெளியே லாரியைப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவ போன் நம்பர் கீதா?" என்றாள்.

"வாங்கல."

"வாங்கு."

சுனிலிடம் இருந்தது. அவருக்கு மெசேஜ் அனுப்பியதும் அனுப்பிவிட்டார். ஆனாலும் அடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. போன சனிக்கிழமை மத்தியானம், அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்க, அடித்தேன். இரண்டாவது மணியிலேயே மலரக்கா எடுத்துவிட்டார்.

"அலோ, ஆரு?"

"அக்கா, நான் இந்தியாவுல இருந்து ஜான்சி. அந்த ஹோட்டல்ல..."

"ஓமோம், விளங்குது. மணம் பிடிக்காத தங்கச்சி. சுகமா இருக்கிறீங்களோ?"

அவர் குரலில் குத்தல் இல்லை. அடையாளத்துக்குச் சொன்னார், அவ்வளவுதான். ஒன்பது நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன்.

"அக்கா, நான் காசிமேட்டுப் பொண்ணு. எங்கம்மா மீன் விக்கிறாங்க. எங்கப்பா கடலுக்குப் போனவரு. சுனாமில எங்க வீடும் போச்சு. அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கத்துக் காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்.

"அப்ப உங்களுக்குப் பழக்கம்தானே இந்த மணம்?"

"ஆமாக்கா."

"தெரிஞ்சுகொண்டேதான் எழுதினனீங்களோ?"

"ஆமாக்கா."

"நான் தெரியாத பிள்ளை எண்டெல்லோ நினைச்சன்," என்றார். பிறகு, "சரி. வள்ளம் வருது, நான் போகவேணும்," என்று வைத்துவிட்டார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னா சொன்னா?"

சொன்னேன்.

"கரெக்ட்டாதான் கேட்டுகிறா," என்றாள். "நாளைக்குத் திரும்பப் பண்ணு."

"என்னன்னும்மா பேசறது?"

"அந்தப் பக்கம் எப்படி கீது, மீனு எப்படித் தூக்கிகினு வர்றா, இன்னா வேணும்னு கேளு. ஓட்டல்காரனுக்கு நீ எழுதுன மாரி அவளுக்காவும் எழுதத் தெரியும்ல?"

ஞாயிற்றுக்கிழமை அடித்தேன். திங்கட்கிழமையும் அடித்தேன். ரமணனுக்கும், அந்த ஊர் அரசு அலுவலகத்துக்கும் நான் யார் என்பதைச் சேர்த்தே ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. மலரக்காவின் போனில் மணி முழுதாக அடித்து ஓய்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா உள்ளேயிருந்து கேட்கிறாள்: "எடுத்தாளா?"